இரண்டு தொழிலுக்கு என்ன விலை?

விளையாட்டுக்கு விதி எழுதுவது விளையாட்டான வேலையல்ல. கெரம் ஆடுகிறவர்களுக்கு இது தெரியும். சிவப்புக் காயைப் போட்டவர் அதை உறுதிப்படுத்தத் தன் காய் ஒன்றையும் போட வேண்டும் என்பது விதி. அந்த ஒரு விதியை மட்டும் எடுத்துவிட்டு ஆடிப் பாருங்கள். பலகையும் அதே பலகை, காய்களும் அதே காய்கள், ஆனால் ஆட்டம் வேறாகிவிடும். எந்தக் காயை எப்போது அடிப்பது என்று எல்லோரும் புதிதாக யோசிக்கத் தொடங்குவார்கள்.

நான் எழுத வந்தது கெரத்தைப் பற்றியல்ல. கதை சொல்லி ஆடும் ஒரு விளையாட்டைப் பற்றி. அதிலே தீராத வழக்கு ஒன்று இருக்கிறது: ஒரே ஆள் இரண்டு தொழில் பழகலாமா? பழகினால் அதற்கு என்ன விலை கொடுக்க வேண்டும்? பழகலாம் என்பது என் கட்சி. ஆனால் அதற்குரிய விலையைக் காலமாகவும், பழக்கித் தருபவருக்குக் கொடுக்கும் மரியாதையாகவும் வாங்க வேண்டும். இலவசமாகக் கொடுத்தாலும் ஆட்டம் கெடும், முற்றாகத் தடுத்தாலும் கெடும்.

முதலில் விளையாட்டைச் சொல்லிவிடுகிறேன். அதன் பெயர் டன்ஜன்ஸ் அன்ட் ட்ராகன்ஸ். 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவரின் பெயரில் வெளிவந்தது. பலகை கட்டாயமில்லை. ஒருவர் கதைசொல்லி. மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். "பாலம் உடைந்து கிடக்கிறது, என்ன செய்கிறீர்கள்?" என்று கதைசொல்லி கேட்பார். "பாய்ந்து கடக்கிறேன்" என்று ஒருவர் சொல்வார். பாய்ந்தாரா, விழுந்தாரா என்பதை இருபது பக்கம் கொண்ட பகடை தீர்மானிக்கும். எங்கள் வீடுகளில் பகடை உருட்டுவதை விரும்புவதில்லை. அப்படியொரு பகடையைக் கல்முனைக் கடைகளில் நான் கண்டதுமில்லை. ஆகவே 1 முதல் 20 வரை எழுதிய துண்டுகளை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு எடுக்கிறோம். எடுத்த துண்டைத் திரும்பவும் டின்னுக்குள் போட்டுவிட வேண்டும். இல்லாவிட்டால் பெரிய எண்கள் எல்லாம் வெளியே வந்துவிட்டதைக் கணக்குப் பார்த்துக்கொண்டு, ஆபத்தான வேலையை அடுத்தவர் தலையில் கட்டிவிடலாம்.

ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு தொழில் உண்டு. வீரர், மாயவித்தைக்காரர், வேவுக்காரர் என்று பல. அனுபவம் கூடக்கூடத் தொழிலில் படிப்படியாக ஏறலாம். மொத்தம் 20 படிகள். ஒரு தொழிலில் சில படி ஏறிய பிறகு இன்னொரு தொழிலில் கால் வைப்பதைத்தான் நாங்கள் இருதொழில் என்கிறோம்.

எங்கள் குழுவில் ஐந்து பேர். உறவுக்காரப் பிள்ளைகளும் அயல் வீட்டுப் பிள்ளைகளும். ரியூஷன் இல்லாத ஞாயிறு பின்னேரங்களில் கூடுவோம். கதைசொல்லி நான். விளையாட்டின் அடிப்படை விதிகளை யாரும் பயன்படுத்தலாம், மாற்றியும் எழுதலாம் என்று 2023 ஜனவரியில் அதன் வெளியீட்டாளர்கள் திறந்துவிட்டார்கள். அதை எடுத்து ஆடத் தொடங்கியவர் என் சாச்சியின் மகள் ராத்தா. அவர் பல்கலைக்கழகம் போகும்போது தங்கள் வீட்டு விதிகள் எழுதிய சீ.ஆர். கொப்பி ஒன்றை எங்களிடம் தந்துவிட்டுப் போனார்.

அந்தக் கொப்பியில் மூல விளையாட்டிலிருந்து இரண்டு தொழில்கள் வெட்டப்பட்டிருந்தன. ஒன்று, தெய்வங்களிடமிருந்து சக்தி பெறும் பூசாரி. மற்றது, தீய சக்திகளோடு ஒப்பந்தம் செய்பவர். எங்கள் கதைகளுக்கு இவை வேண்டாம் என்று அவர்கள் முடிவெடுத்ததில் எனக்கும் உடன்பாடுதான். ஆனால் ஒரு தொழிலை வெட்டினால் அது செய்துவந்த வேலையும் சேர்ந்து போய்விடும். மூல விளையாட்டில் காயத்தை ஆற்றும் வேலை பெருமளவு பூசாரியுடையது. அவர் போன பிறகு ஆற்றுவது யார்? அதற்காக ராத்தாவின் குழு மூலிகையும் கட்டும் தெரிந்த 'வைத்தியர்' என்ற தொழிலை ஆக்கியது. ஆடுகிறவர்கள் நாலு பேர், தொழில்கள் அதைவிடக் கூட என்பதால், யாரும் எப்போதும் எந்தத் தொழிலின் முதற்படியையும் எடுத்துக்கொள்ளலாம் என்று இன்னொரு விதியும் எழுதினார்கள்.

படிக்கும்போது தாராளமான விதியாகத்தான் தெரிகிறது. நடந்தது வேறு. எங்களில் ஒரு தோழி குறைவாகப் பேசுபவள். அவள் வைத்தியரைத் தெரிவு செய்தாள். ஒரு மாதத்துக்குள் மற்ற மூவரும் வைத்தியத்தில் ஒரு படி எடுத்துவிட்டார்கள். விழுந்தவரை எழுப்பும் வித்தை அந்த முதற்படியிலேயே இருந்தது. வீரரும் எழுப்பினார், வேவுக்காரரும் எழுப்பினார். தோழி தன் முறை வரும்போதெல்லாம் "எனக்கு ஒண்டும் இல்ல, அடுத்த ஆள்" என்று சொல்லத் தொடங்கினாள். ஒரு நாள், "நான் இல்லாட்டியும் உங்கட காரியம் நடக்குதுதானே" என்றாள். அடுத்த இரண்டு ஞாயிறும் வரவில்லை.

இதில் யாரும் விதியை மீறவில்லை, யாரும் அவளை ஒதுக்க நினைக்கவுமில்லை. கொப்பியில் இருந்தபடியே எல்லோரும் தங்களுக்கு நல்லதைத் தெரிவு செய்தார்கள். அப்படியானால் கோளாறு விதியில்தான் இருக்க வேண்டும்.

கோளாறு எங்கே என்று தேடினால் முதற்படியில் இருக்கிறது. எந்தத் தொழிலிலும் முதற்படிதான் கை நிறையக் கொடுக்கும். புதிதாக வருகிறவருக்கு முதல் நாளே ஆடுவதற்கு ஏதாவது வேண்டும் அல்லவா? ஆனால் ஏற்கனவே ஒரு தொழிலில் ஏறியவர் இன்னொரு தொழிலின் முதற்படியை மட்டும் எடுத்தால், புதியவருக்கென்று வைத்த பங்கை அவர் அள்ளிக்கொண்டு போகிறார். ஐந்தாவது வீரப் படிக்குப் பதிலாக முதல் வைத்தியப் படியை எடுத்தவர் இழந்தது கொஞ்சம், பெற்றது அதிகம்.

சேர்க்கை எப்போதும் வெறும் கூட்டலாக இருப்பதில்லை. சதுரங்கத்தைப் பாருங்கள். கோட்டைக்கு 5, மந்திரிக்கு 3, அரசிக்கு 9 என்று வழக்கமாக மதிப்புப் போடுவார்கள். அரசி என்பது கோட்டையின் நகர்வும் மந்திரியின் நகர்வும் சேர்ந்த ஒரே காய். கூட்டிப் பார்த்தால் 8 வர வேண்டும். வருவது 9. இரண்டு வேலையையும் ஒரே கட்டத்தில் நின்று செய்ய முடிவதால் அந்த மிச்சம் கிடைக்கிறது. பழைய பாரசீக, அரபு ஆட்டத்தில் அரசியின் இடத்தில் நின்ற காய் மூலைவாட்டில் ஒரு கட்டம் மட்டுமே நகர்ந்தது. பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பாவில் அதற்கு இன்றைய வலு கொடுக்கப்பட்டபோது ஆட்டத்தின் வேகமே மாறியது. உலக சாம்பியனாக இருந்த கபாபிளாங்கா 1920களில் இன்னும் இரண்டு கலப்புக் காய்களைச் சேர்க்கச் சொன்னார்: ஒன்று கோட்டையும் குதிரையும், மற்றது மந்திரியும் குதிரையும். அதற்காக அவர் பலகையையே பெரிதாக்க வேண்டியிருந்தது. கலப்பைக் கொண்டுவருகிறவர் சுற்றியுள்ளதையும் திருத்தத்தான் வேண்டும்.

மறுபக்கத்தில் இன்னொரு பிழை காத்திருக்கிறது. அதற்குக் கிரிக்கெட்டைப் பார்க்கலாம். இந்தியாவின் ஐ.பி.எல். போட்டியில் 2023இல் 'இம்பெக்ட் பிளேயர்' விதி வந்தது. ஆட்டத்தின் நடுவே ஒரு வீரரை எடுத்துவிட்டு வெளியிலிருந்து இன்னொருவரை இறக்கலாம். அதன் பிறகு துடுப்பாடும்போது முழுத் துடுப்பாட்டக்காரர், பந்துவீசும்போது முழுப் பந்துவீச்சாளர் என்று அணிகள் மாற்றிக்கொள்ள முடிந்தது. இரண்டையும் ஓரளவு செய்யும் சகலதுறை வீரரின் தேவை குறைந்தது. தமிழ்நாட்டின் வொஷிங்டன் சுந்தர் போன்றவர்களுக்கு இது நல்லதல்ல என்று ரோஹித் சர்மாவே 2024இல் சொன்னார். சகலதுறை வீரரை யாரும் தடை செய்யவில்லை. அவருடைய மதிப்பைப் பக்கத்திலிருந்த ஒரு விதி கரைத்துவிட்டது.

ஆகவே ஒரு எளிய சோதனை சொல்கிறேன். எல்லோரும் எடுக்கிற கலப்பு மலிவாகிவிட்டது. ஒருவரும் எடுக்காத கலப்பு விலை கூடிவிட்டது. சிலர் எடுத்து, சிலர் யோசித்து விட்டுவிட்டால், விலை சரிக்குக் கிட்ட வந்திருக்கிறது.

இந்த விளையாட்டை ஆக்கியவர்களும் ஐம்பது வருடமாக இதைத்தான் தேடுகிறார்கள். 1974இல் 'எல்ஃப்' என்ற கற்பனை இனத்தவர் மட்டும் ஒரு பயணத்தில் வீரராகவும் அடுத்ததில் மாயவித்தைக்காரராகவும் மாறிமாறி வரலாம். 1978இல், மனிதரல்லாத பாத்திரங்கள் பெறும் அனுபவப் புள்ளிகளைத் தொழில்களுக்கிடையே சமமாகப் பங்கிட வேண்டும் என்றார்கள். மனிதப் பாத்திரம் தொழில் மாறலாம், மாறினால் பழைய தொழிலில் மேலே ஏற முடியாது. 2000இல் ஒவ்வொரு படியையும் விரும்பிய தொழிலில் எடுக்கலாம் என்று திறந்துவிட்டு, படிகள் ஏற்றத்தாழ்வாக இருந்தால் அனுபவப் புள்ளியில் 20 வீதம் வெட்டினார்கள். 2014இல் இருதொழிலைக் கதைசொல்லி விரும்பினால் மட்டும் சேர்க்கும் விதியாக வைத்தார்கள். பழைய தொழிலுக்கும் புதிய தொழிலுக்கும் உரிய திறன் எண் 13க்குக் குறையக் கூடாது, புதிய தொழிலின் ஆரம்பப் பயிற்சிகள் எல்லாம் கிடைக்காது என்று இரண்டு வேலிகளும் போட்டார்கள்.

இவற்றுக்கெல்லாம் மேலாக 2014 விதியில் எனக்குப் பிடித்தது, விலையைக் காலமாக வாங்குவது. ஐந்தாவது படியில் வீரர் ஒரு முறையில் இரண்டு தரம் தாக்கலாம். அதே ஐந்தாவது படியில் மாயவித்தைக்காரருக்கு ஒரு கூட்டத்தையே சிதறடிக்கும் வித்தைகள் திறக்கும். 3 படி வீரம், 2 படி மாயவித்தை என்று ஏறியவரும் மொத்தத்தில் ஐந்தாம் படிக்காரர்தான். ஆனால் அவருக்கு இந்த இரண்டுமே இன்னும் வரவில்லை. யாரும் தண்டிக்கவில்லை, புள்ளி வெட்டவில்லை. அகலமாகப் போனதால் உயரத்துக்குப் பிந்திப் போகிறார், அவ்வளவுதான்.

இதையெல்லாம் வைத்துக்கொண்டு கொப்பியின் பழைய விதியை நாங்கள் மாற்றினோம். இப்போது நாலு விதிகள் இருக்கின்றன.

முதலாவது: இரண்டாவது தொழிலின் முதற்படியில் அதன் வித்தைகளில் ஒன்று மட்டுமே கிடைக்கும். மிச்சம் அடுத்த படியில் வரும். ஒரு படி மட்டும் எடுத்து ஓடுகிறவருக்குக் கொஞ்சம், நிலைத்து நிற்பவருக்கு முழுவதும்.

இரண்டாவது: ஒரே வகையான கூடுதல் எண்கள் ஒன்றோடொன்று சேராது, பெரியது மட்டும் எண்ணப்படும். கணக்கைப் பாருங்கள். 20 துண்டில் 11 அல்லது அதற்கு மேல் வர வேண்டும் என்றால் வாய்ப்பு 50 வீதம். 2 கூடினால் 60 வீதம். மூன்று தொழிலிலிருந்து இரண்டிரண்டாக 6 சேர்ந்தால் 80 வீதம். டின்னுக்குள் கை போடும்போது நெஞ்சு படபடக்காவிட்டால் பிறகு எதற்கு விளையாட்டு?

மூன்றாவது: ஒவ்வொரு தொழிலிலும் ஒரு வித்தை, அந்தத் தொழிலோடு கதையைத் தொடங்கியவருக்கு மட்டும் உரியது. வைத்தியருக்கு அது சண்டையின் நடுவே விழுந்தவரை எழுப்புவது. மற்றவர்கள் வைத்தியம் பழகினால் சண்டை முடிந்த பின் காயத்துக்குக் கட்டுப் போடலாம்.

நாலாவதுதான் எனக்கு மிக முக்கியமானது. புதிய தொழிலைச் சும்மா எடுத்துக்கொள்ள முடியாது. குழுவில் அந்தத் தொழில் உள்ளவரிடம் கேட்டுப் பழக வேண்டும். கதையில் இருவருக்கும் சில நாட்கள் அதற்குச் செலவாகும். பழக்குகிறவர் சம்மதிக்க வேண்டும், நிபந்தனையும் போடலாம். அந்தத் தொழில் குழுவில் ஒருவருக்கும் இல்லையென்றால் கதைசொல்லி ஓர் ஆசிரியரைக் கதைக்குள் கொண்டுவருவார்.

இந்த விதிகளை எழுதி அந்தத் தோழியின் வீட்டுக்கு அனுப்பினோம். அவள் திரும்பி வந்தாள். வேவுக்காரப் பாத்திரம் வைத்தியம் பழகக் கேட்டபோது, களப்போரம் போய் மூன்று மூலிகையைச் சரியாகப் பறித்து வந்தால்தான் சொல்லித் தருவேன் என்றாள். அன்றைய பின்னேரம் முழுவதும் அந்த மூலிகை தேடலே கதையாகிவிட்டது. முன்பு ஒரு படியை எடுத்தவுடன் முடிந்துபோன விஷயம், இப்போது இருவர் பேசி ஆடும் ஒரு காட்சியாக மாறியது.

சமநிலை வந்ததா என்று எப்படி அளப்பது? வீரரின் வெட்டையும் வைத்தியரின் கட்டையும் நேரடியாக ஒப்பிட முடியாது. உயர்தரம் எழுதுகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பௌதிகவியலில் எடுத்த 60ஐயும் வேறொரு பாடத்தில் எடுத்த 60ஐயும் அப்படியே ஒப்பிட முடியாது என்பதால்தான் ஒவ்வொரு பாடத்தின் சராசரியையும் பரவலையும் வைத்து இஸட் புள்ளி கணிக்கிறார்கள். எங்களுக்கு அவ்வளவு கணக்கு வேண்டாம். ஒருவருடைய செயலால் கதை திரும்பிய ஒவ்வொரு தடவையும் அவர் பெயருக்கு நேரே கொப்பியில் ஒரு கோடு போடுகிறோம். பழைய விதியில் ஆடியபோது ஒருத்திக்குக் கோடுகள் வரிசையாக நிற்க, வைத்தியருக்கு ஒரே ஒரு கோடு விழுந்த நாளும் இருந்தது. கோடுகள் சரிசமமாக வர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எந்தப் பெயருக்கு நேரேயும் வாரக்கணக்கில் வெறுமையாக இருக்கக் கூடாது.

இனி எதிர்க் கருத்துகள். "இருதொழிலே வேண்டாம், ஆளுக்கு ஒரு தொழில் போதும்" என்று எங்கள் குழுவிலேயே ஒருத்தி வாதாடினாள். அது சுலபமான வழிதான். ஆனால் நம் கரையோரத்தைப் பார்த்தால் அது பொருந்தவில்லை. பாடசாலையில் படிப்பிப்பவர் பெரும்போகத்தில் வயலுக்கும் போகிறார். மருதமுனையில் தறியில் இருப்பவர் கடைக் கணக்கும் பார்க்கிறார். கல்முனைக்குடியில் பிறந்த எம்.ஏ. நுஃமானை எந்த ஒரு பெயரில் அடக்குவது? அவர் கவிஞர், விமர்சகர், மொழியியலாளர், மொழிபெயர்ப்பாளர், பல்கலைக்கழகப் பேராசிரியர். நம் ஊர்க் கதைகளை ஆடும் பாத்திரங்களுக்கு மட்டும் ஒரே தொழில் என்று கட்டுப்போட்டால் கதை ஊரிலிருந்து விலகிப் போகும். உயர்தரத்துக்குப் பாடம் தெரிவு செய்தபோது ஒரு வழியை எடுத்து மற்றதை மூடிய பிள்ளைகள் நம்மில் எத்தனை பேர்! ஞாயிறு பின்னேரத்திலாவது கவிதை எழுதும் கணக்காளராக ஒருத்தி இருந்து பார்க்கட்டுமே.

"விதி எதற்கு? கதைசொல்லி பார்த்துச் சமாளிக்கலாமே" என்பது இன்னொரு கருத்து. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். எழுதாத விதியில் ஆடினால் அந்தப் பிள்ளை மட்டும்தான் பிழைக்கும். சத்தமாகக் கேட்பவளுக்கு ஒரு சலுகை, நன்றாகக் கெஞ்சுபவளுக்கு ஒரு சலுகை என்று போய், கேட்கத் தெரியாதவள் ஓரத்தில் இருப்பாள். கொப்பியில் எழுதிய விதி பேசாத பிள்ளைக்காகவும் பேசும்.

அதற்காக எழுதிய விதி கல்லில் வெட்டியதல்ல. ஒரு கதை முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில் எல்லோரும் இருந்து திருத்தலாம். கதை நடுவில் திருத்தக் கூடாது. ஒருத்தி ஒரு விதியை நம்பி நாலு வாரம் உழைத்துப் பாத்திரத்தை வளர்த்திருப்பாள். அதை ஐந்தாவது வாரத்தில் மாற்றுவது பரீட்சை எழுதிய பிறகு பாடத்திட்டத்தை மாற்றுவது மாதிரி.

வாசிக்கும் தோழிகளில் பலர் இந்த விளையாட்டை ஆடியிருக்க மாட்டீர்கள். கெரமோ, வலைப்பந்தோ, முற்றத்து எல்லேயோ எதை ஆடினாலும் வீட்டு விதி என்று ஒன்று இருக்கத்தான் செய்யும். புதிதாக ஒரு விதி சேர்க்க முன் மூன்று கேள்வி கேட்டுப் பாருங்கள். இதை எல்லோரும் எடுப்பார்களா, ஒருவரும் எடுக்க மாட்டார்களா? எடுப்பவர் பதிலுக்கு எதைக் கொடுக்கிறார்? இதனால் யாருடைய வேலை இல்லாமல் போகிறது? மூன்றாவது கேள்வியைத்தான் நாம் கேட்காமல் விட்டுவிடுகிறோம்.

எங்கள் நாலாவது விதியிலும் ஓர் ஓட்டை இருப்பதாக வேவுக்காரத் தோழி இப்போது சொல்கிறாள். பழக்குகிறவர் கோபத்தில் சம்மதிக்காமலே இருந்தால் என்ன செய்வது என்பது அவள் கேள்வி. நியாயமான கேள்வி. இந்தக் கதை முடிந்ததும் கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு பேசுவோம். உங்களிடம் நல்ல விடை இருந்தால் எழுதி அனுப்புங்கள், அதையும் சேர்த்து ஆடிப் பார்க்கிறோம்.